மூன்றாம் கேஸின் பிரதிகள்

செல்லக்கண்ணு எங்கள் அறைக்கு முதன்முதலாக வந்தது 1966 பிப்ரவரி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. கீழ் உதடு பிளந்து தையல் போட்டிருந்தது. முன்பற்கள் இரண்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து என் மேசைமேல் அவிழ்த்து வைத்தாள். கணவன் தனசேகரன் லாரி ஓட்டுகிறவன். லாரி எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற இரும்புக் கம்பியால் அடித்தானாம். குழம்பு ஆறிப்போயிருந்ததுதான் காரணம்.

அந்த அறை ஃபேரர் பார்க்கில் ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது. குடும்ப ஆலோசகர் சங்கம் அதை வாடகைக்கு எடுத்திருந்தது. பகலில் நான் கப்பல் கம்பெனி குமாஸ்தா, மாலையில் சங்கத்தின் தற்காலிக உறுப்பினர். முழு உறுப்பினர் ஆவதற்கு இருநூறு மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும். மூன்று கேஸ்களின் அறிக்கையைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழுவினர் மூவரும் கையெழுத்திட வேண்டும். செல்லக்கண்ணு என் மூன்றாவது கேஸ்.

மார்ச் மாதம் தனசேகரன் அவளைக் கீழே தள்ளிக் கழுத்தில் ஏறி மிதித்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் அவள் ஓடிவிட்டாள். பிடோக் கம்பம் என்ற கடலோரக் குடியிருப்பில் பூவம்மா என்ற சிநேகிதி வீட்டில் ஒளிந்திருந்தாள். அது எனக்கும் என் மேற்பார்வையாளர் சம்சுன்னிசாவுக்கும் மட்டுமே தெரியும். சம்சுன்னிசா லண்டனில் படித்துவந்து ஆஸ்பத்திரியில் சமூக சேவைப் பிரிவில் இருந்தவர்.

ஒரு வாரம் கழித்துத் தனசேகரன் மாடியேறி வந்தான். கம்பியை என் மேசைமேல் வைத்துவிட்டு, மனைவி எங்கே என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். மேசைக் கண்ணாடியை ஒரே அடியில் நொறுக்கினான்.

"கண்டுபிடிச்சா கொன்னுடுவேன். எழுதி வச்சுக்குங்க. நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவீங்களே."

உண்மைதான், நான் எல்லாவற்றையும் எழுதுகிறவன். ஏப்ரலில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான் என்பது சங்கத்தின் விதி. அதன்படியே 'எண் மூன்று' என்று போட்டேன். ஆனால் படிவத்தில் 'தற்போதைய நிலை' என்றும் 'உறவினர் ஆதரவு' என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. என் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டால் மதிப்பெண் போய்விடும். முதல் கட்டத்தில், 'பிடோக் கம்பம், மசூதிக்குப் பின்புறம், பச்சைக் கதவு வீடு' என்று எழுதினேன். இரண்டாவதில், கிளமெண்டி சாலைப் பக்கம் இருந்த அவள் தங்கையின் வீட்டு எண்ணை எழுதினேன். கார்பன் வைத்து மூன்று பிரதிகள் எடுத்தேன். ஒன்று சம்சுன்னிசாவுக்கு, ஒன்று வக்கீல் ஜலாலுதீனுக்கு, ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுப்பிரமணியம் ஐயாவுக்கு. பிரதியை வாங்கியவர்கள் அந்தக் கட்டங்களைப் படித்து என்னைத் தடுப்பதற்குள் மே பதினைந்து வந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் முற்றத்தில் மீன் செதிள் சீவிக்கொண்டிருந்தாள். பச்சைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. தனசேகரன் கம்பியோடு உள்ளே வந்தான். முதல் வீச்சு, எழுந்து குறுக்கே போன என்மேல் விழுந்தது. இடது தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அவள் தாடையில் விழுந்தது. அவள் மல்லாந்தாள். மூன்றாவது அவள் கண்மேல் இறங்கியது. நான் அவன் காலைப் பற்றிக் கடித்தேன். உதறி என் முகத்தில் உதைத்தான். பூவம்மா அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையைத் தூக்கி அவன் முதுகில் கொட்டினாள். அப்போதுதான் அவன் கத்தினான். பக்கத்து வீட்டு மீனவர்கள் ஓடிவந்து வலைக்கயிற்றால் அவனைக் கட்டிப்போட்டார்கள்.

கட்டுண்டு கிடந்தவன் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னான்.

"சுப்பிரமணியம் ஐயாதான் போயி கூட்டிட்டு வரச் சொன்னாரு. நான் கூப்பிடத்தான் வந்தேன்."

மறுநாள் மாலை, இடது கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்க, ஐயா வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். நான் வலது கையால் முகத்தில் குத்தினேன். மூக்குக்கண்ணாடி உடைந்து புருவத்தைக் கிழித்தது. அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். ரத்தத்தைத் துடைத்தபடியே காரணம் சொன்னார். தனசேகரன் மூன்று நாள் வந்து காலைப் பிடித்து அழுதானாம். அந்தக் கல்யாணத்தை முன்நின்று நடத்தி வைத்தவரே இவர்தான். லாரி, பல், தங்கை எல்லாம் படித்ததுமே எண் மூன்று யாரென்று தெரிந்துவிட்டதாம். குடும்பம் ஒன்றுசேரட்டும் என்று இடத்தைச் சொல்லிவிட்டாராம்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அட்ரஸ எழுதினது யாரு, மைதீன்? நானா?"

அந்தக் கேள்விக்கும் ஓர் அடி கொடுத்தேன்.

செல்லக்கண்ணுவின் தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். இடது கண் போய்விட்டது. ஒன்பதாம் நாள்தான் பற்களுக்கிடையே பேச முடிந்தது.

"அவருக்கு யாருண்ணே சொன்னது?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், என் கட்டங்களிலிருந்து தொடங்கி. அவள் திட்டவில்லை.

"அதுல இன்னும் என்னென்ன எழுதிருக்கீங்க?"

தங்கை வீட்டைச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கேதான் போவதாக இருந்தாள். ஜூன் மூன்றாம் தேதி தனசேகரனை ஜாமீனில் விடக்கூடும் என்று போலீசார் சொல்லியிருந்தார்கள்.

"மூணு காகிதமும் எனக்கு வேணும்," என்றாள்.

மே இருபத்தைந்து, புதன்கிழமை குழு கூடியது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அறிக்கைகள் குழுவினரிடமே இருக்கும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால்தான் அவை திரும்பும். அப்புறம் இரண்டு வருஷம் விண்ணப்பிக்க முடியாது. சம்சுன்னிசா அறிக்கையைக் கூட்டத்துக்கு முதல்நாள்தான் படித்திருந்தார். அதை முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த வரிகளை மை பூசி மறைத்தால் போதாதா என்று வக்கீலைக் கேட்டார். புருவத்தில் தையலோடு வந்திருந்த சுப்பிரமணியம் ஐயா தம் பிரதியைக் கொண்டுவரவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு லா," என்றார். "அடிச்சத நான் வெளிய சொல்லல. கையெழுத்தப் போட்டுடறேன். நீயும் விட்டுடு."

அவர் பேனாவைத் திறந்துவிட்டார். இருநூற்று ஆறு மணி நேரம் நான் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று கையெழுத்துதான் பாக்கி. மை பூசிய பிரதி ஐயா அலமாரியில் இருக்கும்; ஐயாவின் தலைக்குள் இருப்பதில் யார் மை பூசுவது? ஆனால் அவள் கேட்டது காகிதத்தை. அது என்னால் கொடுக்கக்கூடியது.

அங்கேயே கடிதம் எழுதினேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும், கேஸின் இருப்பிடத்தை விதியின் நோக்கத்துக்கு மாறாக எழுதியது நான் என்றும், அதனால் அவள் ஒரு கண்ணை இழந்தாள் என்றும், குழு உறுப்பினர் ஒருவரை நான் இரண்டு முறை அடித்தேன் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். சம்சுன்னிசா படித்துவிட்டுத் தம் பிரதியை எடுத்துக் கொடுத்தார். வக்கீலும் கொடுத்தார். சுப்பிரமணியம் ஐயாவோடு நடந்தே அவர் வீட்டுக்குப் போய், அலமாரியைத் திறக்கும்வரை பக்கத்தில் நின்றேன். அவருடைய பிரதியில் முகவரிப் பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது.

செல்லக்கண்ணுவுக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பக்கம் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். இடது கையில் ஊசிக் குழாய் செருகியிருந்ததால், முழங்காலால் அழுத்திப் பிடித்து, வலது கையால் கிழித்தாள். மூன்றையும் அப்படியே கிழித்து முடிக்க வெகுநேரம் ஆனது. உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினாள். தங்கை வீட்டுக்கு இல்லை என்று மட்டும் சொன்னாள்.

"எங்க போறேன்னு உங்ககிட்டயும் சொல்ல மாட்டேண்ணே."

"சொல்லாதம்மா," என்றேன்.

அவள் பையை வாசல்வரை சுமந்துபோய் டாக்சியில் வைத்தேன். கதவு சாத்தப்பட்டதும் தெருவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றேன். வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதுகூட எனக்குத் தெரிய வேண்டாம்.