புருவ மத்தி

"உன் வாய்க்கு என்ன, பூட்டா போட்டிருக்கு?" என்று டீச்சர் ஒருமுறை வகுப்பில் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். பதில் தெரியும். எழுந்து நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவேன். கடைசியில் போகாமலே நின்றுவிட்டேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான் வீட்டில் விசா அதிகாரி ஆக்கினார்கள்.

அக்காவுக்கு வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அவள் படித்துவிட்டுத் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை இல்லை என்று ஒருதரம் விசாவை மறுத்துவிட்டார்கள். மறுநாள் காலை இரண்டாவது இன்டர்வியூ; அதற்குத்தான் வீட்டில் இந்த ஒத்திகை. இதுவும் போனால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தட்டு நீட்ட எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. தூதரகத்திலும் கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று அக்கா சொன்னதால், அதுவே கவுண்டர். நான் அடுப்புப் பக்கம் ஸ்டூலில், கேள்விகள் எழுதிய தாளோடு. அக்கா கூடத்தில், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி. ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் அப்பா, கையில் ஸ்க்ரூடிரைவரோடு செக்யூரிட்டி.

"பெல்ட், வாட்ச், போன் எல்லாம் கழட்டி வைம்மா."

"சும்மா இருங்கப்பா. படிச்சதெல்லாம் மறந்துபோயிடும்."

"ஆபீசரம்மா, அந்தக் குக்கரை இறக்கிட்டுக் கேள்வி கேளு" என்றாள் அம்மா.

கல்லூரி, பாடம், அப்பாவின் வருமானம் எல்லாவற்றுக்கும் அக்கா மடமடவென்று பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு வந்தோம்.

"படிப்பு முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. வெளியாளுங்க யார்கிட்டயும் பேச மாட்டா. என்னை விட்டா அவளுக்கு வேற ஃப்ரெண்டே இல்ல. அவளுக்காக நான்..."

அதோடு நின்றது. மறுபடி கேட்டேன். மறுபடி அதே இடம். அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது. எனக்கு அந்தத் தொண்டை தெரியும். வகுப்பில் எழுந்து நின்ற என் தொண்டை அது.

அப்பா விசா ஏஜென்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்தத் தங்கச்சி பாயின்ட்ட விட்றாதீங்க சார். போன தடவை அது இல்லாமத்தான் போச்சு" என்றார் ஏஜென்ட். நான் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. "கண்ணப் பாத்தா திக்குதா? புருவ மத்தியப் பாக்கச் சொல்லுங்க. எதிர்ல இருக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

அப்பா இப்போது சிரிப்புக் காட்டவில்லை. "இன்னொரு தடவை கேளும்மா" என்றார்.

தாளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"திரும்பி வருவியாக்கா?"

அக்கா நிமிர்ந்தாள். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்று தொடங்கி, "அவளுக்காக நான் கண்டிப்பா திரும்பி வருவேன்" என்று முடித்தாள். ஒரு திக்கல் இல்லை. குரலில் பாசம்கூட இருந்தது.

"இதேதான்! நாளைக்கும் இப்படியே சொல்லிடுடி" என்று அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

வித்தியாசம் தெரியாது என்றாரே ஏஜென்ட், எனக்குத் தெரிந்தது. அவள் பார்வை என் கண்ணுக்குச் சற்று மேலே, நெற்றியில் ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது.

நாளை அவள் திக்கினாலும் எனக்குப் பயம். திக்காவிட்டால் அதைவிடப் பயம்.

காலையில் அப்பா வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தார். அக்கா செருப்பு மாட்டினாள். ஃபைலைச் சமையலறை மேசையிலேயே மறந்துவிட்டிருந்தாள். எடுத்து அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாக நீட்டினேன்.

வாங்கும்போது என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு பார்வை மெல்ல இறங்கி என் கண்ணுக்கு வந்தது. உதடு துடித்தது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

ஹாரன் மறுபடி அடித்தது. அக்கா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.