பிறையும் சதுரமும்

எண்ணெய்த் துணியை விலக்கி, பலகை மேல் கிடந்த இரண்டு ரிவால்வர்களையும் என் நண்பன் ஓரின் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இதுல எதுடா அவளோடது?"

எனக்குத் தெரியவில்லை. போன ஞாயிறு எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டையும் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி ட்வைலா சுடச்சுட ஆப்பிள் பை பலகாரத்தை வைக்க இடம் வேண்டுமென்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வழித்துத் தள்ளிவிட்டாள். இரண்டும் ஒன்பது குண்டு பிடிக்கும் பழைய இருபத்திரண்டு காலிபர் ரிவால்வர்கள். ஒரே கடையில், ஒரே வாரத்தில் வாங்கியவை. ஒன்று என்னுடையது. மற்றது ஓரினின் மனைவி ஐடெல்லாவுடையது. அவள் இறந்து ஒரு குளிர்காலம் ஆகிவிட்டது. எண் இரண்டிலும் பொறித்திருக்கிறது. எது யாருடையதென்று பார்த்து வைத்தவர்தான் ஒருவரும் இல்லை. சுட்டுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் ஒரே அளவுக்கு இடப்பக்கம் இழுக்கும். தகர டப்பாவைக் குறிபார்த்து ஓடையில் துள்ளிய மீனை நான் வீழ்த்தியிருக்கிறேன். அதைப் பொரித்தும் தின்றோம்.

"இரு" என்று ஓரின் சட்டைப் பையிலிருந்து ஒரு காலித் தோட்டாவை எடுத்தான். "அவ கடைசியா சுட்டது. இதுல இருக்கற வடு சொல்லிடும்."

இந்த வகைத் தோட்டாவுக்கு உயிர், அதாவது பற்றவைக்கும் மருந்து, அடிப்பாகத்தின் விளிம்பில் இருக்கிறது. துப்பாக்கியின் சுத்தியல் அந்த விளிம்பைக் கிள்ளினால்தான் வெடிக்கும். கிள்ளிய வடு தோட்டாவின் பித்தளைக் கூட்டில் நிற்கும். துப்பாக்கிக்குத் துப்பாக்கி வடு வேறு.

ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு சுட்டேன். கல்குவாரி மண்மேட்டில் புழுதி எழுந்தது. ஒன்று பிறை போல வடு போட்டது, மற்றது சதுரமாக. ஓரின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஐடெல்லாவின் தோட்டாவை வெயிலில் திருப்பினான். திருப்பிக்கொண்டே இருந்தான்.

"ரெண்டுமே இருக்குடா."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் கடைசியாகச் சுட்ட அன்றைக்கு அந்தத் தோட்டா முதலில் வெடிக்காமல் தூங்கிவிட்டது. விளிம்பில் மருந்து பரவாத இடத்தில் அடி விழுந்தால் அப்படித்தான். எடுத்துத் திருப்பிப் போட்டு இன்னொரு இடத்தில் அடிப்பது எங்கள் வழக்கம். ஐடெல்லா திருப்பிப் போட்டது என் துப்பாக்கியில். 'இங்க குடு க்ளீட், உன் துப்பாக்கியாவது உன்னை மாதிரி பொய் சொல்லாம இருக்கா பாப்போம்' என்றாள். வெடித்தது.

"அப்ப முதல் அடி அவளோடது, ரெண்டாவது உன்னோடது" என்றான் ஓரின். "முதல் அடி எது?"

இரண்டு வடுவும் ஒரே ஆழம். பித்தளை எதையும் சொல்லவில்லை.

"பிறைதான் அவளோடது. அதோட விசை கொஞ்சம் லேசு, அவ விரலுக்குப் பழகினது" என்றேன். மனதார அப்படித்தான் தோன்றியது.

"நிஜமாவா?"

"சத்தியமா."

"கெடுத்தியே. பேசாம இருந்திருந்தா நம்பியிருப்பேன். மீன் கதைக்கும் நீ சத்தியம்தான் பண்ணின."

மீன் கதையும் உண்மைதான். அதைச் சொல்ல இது நேரமில்லை.

ஓரின் பிறை போட்டதை எடுத்து ஒரு தோட்டா நுழைத்தான். மண்மேட்டில் வைத்திருந்த தகர டப்பாவை நோக்கிக் கையை நீட்டி விசையை இழுத்தான். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

இப்படித் தூங்கினால் உடனே திறக்கக் கூடாது. சில தோட்டாக்கள் தாமதமாக விழித்துக்கொள்ளும். குழாயை மேட்டுப் பக்கமே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம்.

"அன்னிக்கும் இப்படித்தானே தூங்கிச்சு?" என்றான், தலையைத் திருப்பாமல்.

"ஆமா."

"அவளோடதுலதானே?"

"ஆமா."

ஒரு தட்டான் எங்கிருந்தோ வந்து குழாயின் நுனியில் உட்கார்ந்தது. அது பறக்கவே இல்லை.

"இதைப் போய் யார்கிட்டயும் சொல்லாதடா" என்றான் மெதுவாக. "உன்னை ஒருத்தனும் நம்ப மாட்டான்."

கையை அவன் இறக்கவில்லை.