வலது கன்னம்

ஏழு பேர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தால், எந்தச் சுவர் யாருக்கு என்பதில் ஏழு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். இந்த முறையும் அதற்குக் குறைவில்லை. கரித்துண்டால் ஆளுயரப் படங்கள் வரைகிறவரை எல்லாரும் கரியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வந்த வேகத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை வளைத்துப்போட்டுவிட்டார். சின்னவளுக்குக் கிடைத்தது வாசல் கதவை ஒட்டிய சுவர். "வர்றவங்க முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க, போறவங்க கடைசியா அதைத்தான் பார்ப்பாங்க" என்று அந்த மாடிக் கூடத்தை வாடகைக்குக் கொடுத்த கூடத்துக்காரம்மா சமாதானம் சொன்னாள்.

சின்னவள் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்செடுப்பவள். கீறலில் மையைத் தேய்த்து, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, நனைத்த தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே ஓட்டினால் படம் தாளுக்கு வந்துவிடும். வரும்போது இடம் வலமாகிவிடும். எழுத்தோ கடிகாரமோ என்றால் தகட்டிலேயே முன்கூட்டி மாற்றி வரைந்துகொள்வார்கள். முகத்துக்கெல்லாம் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

திறப்பு நாள் காலையில் பார்த்தால், அவள் மாட்டவிருந்த படங்களில் ஒன்று சட்டத்துக்குள் ஈரம் இறங்கிப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. "வேற கொண்டு வா, சுவர் பல்லிளிக்குது" என்றாள் கூடத்துக்காரம்மா. சின்னவள் வீட்டுக்கு ஓடினாள். அலமாரியின் அடித்தட்டில் முகம் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றை எடுத்துவந்தாள். அது அவள் அக்காவின் முகம்.

அந்த முகத்துக்கு ஒரு கதை உண்டு. மழைக்காலத் தொடக்கத்தில் அக்கா ஒரு பையோடு சின்னவள் வீட்டில் வந்து இறங்கினாள். இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. அத்தானின் கைவேலை. அது முதல் தடவையும் இல்லை. முந்தைய தடவை அக்கா அப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னாள். "மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லைம்மா, நீ ஏதாவது பேசியிருப்பே" என்று சொல்லிவிட்டு அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அதோடு அக்கா வாயை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை, தங்கைக்கு அச்சு வேலையில் ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்று அப்பாவிடம் கதை விட்டது அத்தானேதான், வாய் கூசாமல்.

வீக்கம் வடியும்வரை அக்கா வெளியே தலைகாட்டவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தே கிடந்தாள். ஒருநாள் சின்னவள் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்செடுத்த தாளைப் பார்த்தபிறகுதான் முகம் மாறியது.

"கண்ணாடியில பார்க்கிறது அப்படியே இருக்குடி. இதை எங்கயும் மாட்டிடாதே."

"மாட்ட மாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

கன்னம் பழையபடி ஆனதும் அத்தான் வந்து கூப்பிட்டார். அக்கா போய்விட்டாள். தடுக்கத் துப்பில்லாமல் சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள்.

இப்போது அதே படத்தைச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே நியாயம் பேசினாள். கண்ணாடியில் பார்க்கிற முகம் அக்காவுக்கு மட்டும்தானே தெரியும். மற்றவர்கள் பார்க்கிற அக்காவுக்கு வகிடு அந்தப் பக்கம், மச்சம் இந்தப் பக்கம். படத்தில் எல்லாம் மாறிக் கிடக்கிறது, போதாததற்கு வீக்கம் வேறு. யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது? அக்காவும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இப்படியே பேசிப் பேசி ஆணியை அடித்துவிட்டாள். நிஜத்தைச் சொல்வதானால், அவள் இதுவரை எடுத்ததிலேயே அதுதான் நல்ல அச்சு, அதை நாலு பேர் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவளை அரித்துக்கொண்டிருந்தது. கேடுகெட்ட ஆசை.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. கரியண்ணன் தன் படங்களுக்கு முன்னால் காவல் நின்று, "வெள்ளைச் சட்டைக்காரங்க தள்ளி நில்லுங்க, அப்புறம் என் படத்துல பாதி உங்க வீட்டுக்கு வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கதவருகே அப்பாவின் குரல் கேட்டது. அப்பா, அவருக்குப் பின்னால் அத்தான், அத்தானுக்குப் பின்னால் அக்கா.

"மாப்பிள்ளைதான் எல்லாரும் போகலாம்னாரு" என்றார் அப்பா பெருமையாக.

அக்கா உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டாள். கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தங்கையை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். சின்னவளுக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. "முதல்ல பெரிய படமெல்லாம் பாருங்கப்பா" என்று அவர்களை அவசரமாகக் கரியண்ணன் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

அத்தானுக்கு டயர் ஆலையில் தரம் பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலையை விடமாட்டார். அடுத்தவர் பேச்சில், சமையலில், செருப்பை விட்ட கோணத்தில் ஒரு குறையைக் கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இங்கேயும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இந்தச் சட்டம் சாய்ஞ்சிருக்கு, அந்தக் குதிரைக்குக் கால் குட்டை" என்று ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்துகொண்டே வந்தார். அப்பா கூடவே தலையாட்டினார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் கதவருகே வந்து நின்றார்கள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "யாரும்மா இது, பாவம்? யாரு இப்படி அடிச்சது?"

"மாடல்ப்பா" என்றாள் சின்னவள்.

அத்தான் படத்தை வெறித்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் தாடை சொன்னது. அப்படியே நகர்ந்திருப்பார், நகரவும் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கரியண்ணன் டீ குவளையோடு வந்து சேர்ந்தார்.

"இந்தக் கூடத்துலயே இதுதான் படம். நான் வரைஞ்சதையும் சேர்த்துத்தான் சொல்றேன். இதுல ஒரு தப்பு சொல்லச் சொல்லுங்க யாரையாவது."

அத்தானால் அதைத் தாங்க முடியவில்லை. ஆயுசு முழுக்கப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"ஏன் இல்லை? அடி இடது கன்னத்துல. இவ வலது கன்னத்துல போட்டு வச்சிருக்கா."

கரியண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "அச்சுல இடம் வலமா மாறும் சார். அப்போ நேர்ல இடதுதான், கரெக்ட். நீங்க அந்த மாடலைப் பார்த்திருக்கீங்களா?"

அப்பா நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மூத்த மகளைப் பார்த்தார்.

"பெரியவளே, இது நீயா?"

"கதவுல இடிச்சுக்கிட்டா மாமா" என்றார் அத்தான். "உங்களை எதுக்குக் கலவரப்படுத்தணும்னு சொல்லலை. நீயே சொல்லு."

சின்னவள் அக்காவையே பார்த்தாள். அக்கா இப்போது ஆமாம் என்று தலையாட்டினால் அவரோடுதான் வீட்டுக்குப் போவாள். இன்றைக்கு அங்கே விழப்போகிற அடி, தான் அடித்த ஆணியால் விழுவது. பிடுங்கி எறிந்துவிடலாம் போலக் கை பரபரத்தது. இனிமேல் பிடுங்கி என்ன பிரயோஜனம்?

அக்கா கைப்பையை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கதவு இல்லைப்பா. போன தடவையும் கதவு இல்லை. போன தடவை நான் சொன்னேன், நீங்க டிவி சத்தத்தைக் கூட்டினீங்க."

அப்பாவின் கை மகளின் இடது கன்னத்தை நோக்கிப் போய் நடுவழியில் நின்றது. கன்னத்தில் இப்போது ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. அவர் மறுபடி படத்தைப் பார்த்துக்கொண்டு அழுதார், சத்தமில்லாமல்.

"பத்துப் பேர் பார்க்கிறாங்க, வா போகலாம்" என்றார் அத்தான். அக்கா அசையவில்லை. அவர் யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். கரியண்ணன் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்.

அக்கா தங்கையிடம் வந்தாள்.

"சத்தியம் பண்ணினே."

"ஆமாக்கா."

"நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. உன் வீட்டுச் சாவியைக் குடு."

சின்னவள் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "கீழே அவர் நிப்பாருக்கா. நானும் வர்றேன்."

"நீ வேண்டாம்" என்றாள் அக்கா. "அப்பா வரட்டும்."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மூத்த மகளை ஒதுக்கி நிறுத்திவிட்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.