பவளக்கா பாட்டு

தலைமயிர் நரைக்கிற காலம்வரை பகிடிப் பாட்டுக் கட்டிக் கொடுத்தும் அருள்நேசனின் பேர் ஒரு மேடையிலும் விழுந்ததில்லை. வெளிநாட்டுக்கு வந்து மீன் பக்டரியில் ஐஸ் பெட்டி தூக்கி விறைத்த கையால் அவன் எழுதுவான். கோட்டுப் போட்டுக்கொண்டு சஞ்சயன் பாடுவான். கைதட்டு பாடினவனுக்கு. ஊராரைக் கிண்டலடிக்கிற பாட்டுக்கு எழுதினவன் ஆரென்று சொல்லாமல் விடுவதுதான் வழக்கம்.

இந்த முறை மாதா கோவில் நத்தார் ஒளிவிழா கிட்ட வர சஞ்சயன் போன் எடுத்தான்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. போன வருசப் பாட்டுக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை. இப்ப போனே பாட்டெழுதித் தருது.”

“போனுக்கு எங்கட சனத்தைத் தெரியுமோடா?”

“உங்களுக்குத் தெரிஞ்சென்ன? எப்பவும் அதே மாமி, அதே மருமோன்.”

“ஒரு பாட்டுத் தாறன். சிரிக்காட்டி என்னை விட்டிடு. சிரிச்சால் மேடையிலை என்ரை பேரைச் சொல்லோணும்.”

“ஓம் அண்ணை, சொல்லுறன்.”

வாய் விட்டாச்சு, மண்டைக்குள் ஒன்றுமில்லை. பஸ்ஸில் யோசித்தான், கக்கூசில் யோசித்தான். வந்ததெல்லாம் போனும் எழுதக்கூடியது. போனுக்குத் தெரியாத ஒன்று வீட்டிலேதான் இருந்தது.

மனைவி இம்மாகுலேற்றை கேக் பக்டரியில் வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். கோவில் பாடகர் குழுப் பெண்களுக்குத் தெரியக்கூடாதென்று அவள் காலமை யூனிபோம் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு அவர்கள் இருக்கிற கோலியர்ஸ் வுட்டில் பஸ் ஏறுவாள். பொழுதுபடும்வரை லைப்ரரி ஹீற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருப்பாள். அதை அவனுக்கு மட்டும்தான் சொன்னாள், அழுது அழுது.

பாட்டில் அவள் பேரைப் பவளக்கா என்று மாற்றினான். ஊரைக் கிங்ஸ்பரி ஆக்கினான். ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?

ஒளிவிழா மேடையில் சஞ்சயன் இடுப்பை ஆட்டிப் பாடினான்.

“யூனிபோம் போட்டுப் போறா பவளக்கா,
லைப்ரரி ஹீற்றருக்கு ஷிப்ட் அடிக்கிறா பவளக்கா!”

மண்டபம் குலுங்கியது. அருள்நேசனுக்குப் பக்கத்தில் இம்மாகுலேற் முதல் வரியிலேயே கல்லாகிப்போனாள். பாடகர் குழுத் துசியந்தி அவள் தொடையில் அடித்து, “இப்பிடியும் ஒருத்தியோடி!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். இம்மாகுலேற்றும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் அவன் மேடைப் பக்கம் திரும்பினான். பரவாயில்லை, ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய்க் காலில் விழலாம்.

“ஒன்ஸ் மோர்!” என்று சனம் கத்த, சஞ்சயன் மைக்கைத் தூக்கினான். மேடையில் பேரைச் சொல்லச் சொன்னது அப்போதுதான் அருள்நேசனுக்கு உறைத்தது. ‘வேண்டாம், வேண்டாம்’ என்று இரண்டு கையையும் ஆட்டினான்.

“பாருங்கோ, வெக்கப்படுறார்! இதை எழுதினது எங்கட அருள்நேசன் அண்ணை! எழும்புங்கோ அண்ணை!”

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பிறகு ஒவ்வொன்றாகப் பக்கத்துக் கதிரையில் இருந்த இம்மாகுலேற் பக்கம் திரும்பியது. பஸ் தரிப்பில் யூனிபோமோடு நிற்கிற அவளுக்குத் தினமும் கை காட்டுகிற துசியந்தி சிரிப்பை நிறுத்தினாள்.

“எழும்புங்கோவன்,” என்றாள் இம்மாகுலேற், மேடையைப் பார்த்தபடி. “உங்கட பேரைத்தானே சொல்லுறாங்கள்.”

எழும்பினான். கைதட்டு அங்கொன்று இங்கொன்றாக அடங்கிப்போனது. அவள் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தாள்.