கை தூக்கினால் நிறுத்தம்

கண்ணாடிக் கடை அம்மாள் அன்றைக்கு ஒரு கிழவருடைய மூக்குக்கண்ணாடியில் வலது வில்லையை இடப்பக்கமும் இடது வில்லையை வலப்பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து நடக்காத விபத்து. கிழவர் அதைப் போட்டுக்கொண்டு எதிரிலிருந்த கண்ணாடியில் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "முகம் சரியாத் தெரியலம்மா. ஆனா முன்னைக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார். வேறு நாளாக இருந்தால் அவள் கடை அதிரச் சிரித்திருப்பாள். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வில்லைகளைக் கழற்றினாள். உடம்பு கடையில் இருந்தாலும் அவளுடைய காது ஊரின் மறுகோடியில், திரை இழுத்து மூடிய ஒரு அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே ஐந்து நடுவர்கள் இசைப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஐவரில் மூத்தவர் அவள் வீட்டுக்காரர்.

அவர் செல்லோ வாசிப்பவர். செல்லோ என்றால் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும், வயலினுக்குப் பெரியப்பா முறையாகிற ஒரு கருவி. அவர் வாசித்ததெல்லாம் அறையிசை. மேடை கொள்ளாமல் நூறு பேர், நடுவில் குச்சியை ஆட்டிக்கொண்டு ஒருவர் என்கிற அமர்க்களமெல்லாம் இதில் கிடையாது. நாலு பேர், நாலு நாற்காலி, முடிந்தது கதை. ஆரம்பிக்கலாம் என்று சொல்ல ஆள் இல்லாததால் நால்வரில் ஒருவர் மூச்சை இழுப்பார். அந்த மூச்சுதான் கட்டளை. மற்ற மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குவார்கள்.

அறையிசைப் பதிவுகளுக்கென்று ஒரு விருது இருந்தது. அதை ஆரம்பித்தவர் ஒரு நாற்காலி வியாபாரி. நாலு பேர் வாசிக்க நாலு நாற்காலி வேண்டும், கேட்க வருகிறவர்களுக்கு நாற்பது வேண்டும் என்று அவர் மனக்கணக்குப் போட்டார். இதைத் தாண்டிய கலைத்தாகம் எதுவும் அவருக்கு இருந்ததாகத் தகவல் இல்லை. முதல் வருடம் போட்டிக்கு வந்தவை இரண்டே இரண்டு பதிவுகள். அதில் ஒன்று அவருடைய மச்சான் குளியலறையில் முனகியது. பரிசு, உள்ளங்கையில் நிற்கும் ஒரு வெண்கல நாற்காலி. வருடம் போகப் போக வெண்கலம் பித்தளையாகி, பித்தளை கண்ணாடியாகி, கண்ணாடி காகிதமாகி, கடைசியில் நாற்காலியின் படத்தைக் கைபேசிக்கு அனுப்பி வாழ்த்துச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. நடுவில் பெரிய சண்டைகளும் உண்டு. எத்தனை பேர் வரைக்கும் அறையிசை என்று ஒரு சண்டை. எட்டுப் பேரோடு சரி என்று விதி போட்டதும், ஒரு குழுவினர் ஒன்பதாவது ஆளைத் திரைக்குப் பின்னால் நிறுத்திப் பதிவு செய்தார்கள். திரை தும்மியது. அந்தத் தும்மல் சுருதி சுத்தமாக இருந்ததால் அதை இசை என்று சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை போட்டு நடுவர்கள் இரண்டு வருடம் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள்.

ஆனால் அந்த விருது பேர் வாங்கியது ஒரு வழக்கத்தால். இரண்டாம் வருடம், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்காலி வியாபாரிக்குத் தேநீர் வேண்டியிருந்தது. கையைத் தூக்கினார். இயந்திரத்தை இயக்கியவன் நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நிறுத்திவிட்டான். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். தேநீருக்குத்தான் தூக்கினேன் என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்று, "ஆமா, போதும்" என்றார் அவர். மறுவருடம் அதுவே சட்டமாகிவிட்டது: மூன்று நடுவர்கள் கை தூக்கினால் பதிவு அந்த இடத்திலேயே நிற்கும். வாசிப்பவர்களின் பேர் யாருக்கும் சொல்லப்படாது, எண் மட்டும்தான். கடலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் எத்தனையோ வாசிப்பவர்களின் வயிற்றைக் கலக்கிய ஒரு சட்டம், ஒரு மனுஷன் தேநீர் குடிக்காததால் வந்தது.

இந்த வருடத்தோடு விருதும் முடிகிறது. வியாபாரியின் பேரன்கள் நாற்காலிக் கடையை மூடிவிட்டு உடற்பயிற்சிக்கூடம் திறக்கிறார்கள். அங்கே யாருக்கும் உட்கார அனுமதியில்லை.

இன்றைக்கு ஓடும் பதிவுகளில் ஆறாம் எண் கண்ணாடிக் கடை அம்மாளின் மகளுடையது. அது அம்மாளுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது.

மகள் வயோலா வாசிப்பவள்; அது வயலினுக்கு அக்கா முறை. ஒரு காலத்தில் அப்பாவின் குழுவிலேயே வாசித்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஒத்திகையில் அவள் வில்லைத் தந்தியில் வைத்த மாத்திரத்தில் அவர் கையைத் தூக்கினார். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி தூக்கினார். வீட்டுக்கூடத்தில், மற்ற இருவர் முன்னால், காலையிலிருந்து மத்தியானம் வரை அதுதான் நடந்தது. மகள் கருவியைப் பெட்டியில் வைத்து, பெட்டியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டுப் போனவள்தான். அம்மாவோடு மட்டும் பேசுவாள். போன மாதம் கைபேசியில் பேசியபோது சொன்னாள்.

"அடுத்த மாசம் நாங்க இந்த நாட்டை விட்டே போறோம்மா. என் வீட்டுக்காரருக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு."

"அப்பாவ ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போடி."

"அவர் என்னைக் கடைசி வரைக்கும் ஒரு தடவை கேட்டதுண்டா? விருதுக்கு அனுப்பியிருக்கேன். யாருன்னு தெரியாமக் கேக்கட்டும். பரிசு ஒண்ணும் வேண்டாம், நடுவரோட பொண்ணுக்கு விதிப்படி கிடைக்கவும் கிடைக்காது. கை தூக்காமக் கேட்டார்னா வர்றேன். தூக்கினார்னா வேண்டாம்மா. நீயும் கூப்பிடாத. அவர்கிட்ட முன்கூட்டிச் சொல்லிடாத, அது உன் தலைமேல சத்தியம்."

"என் தலைமேல எதுக்குடி? உன் அப்பா தலைமேல பண்ணேன்."

"அவர் தலை தாங்காது. கனமெல்லாம் ஏற்கெனவே உள்ள இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாள் சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்த தோரணையே ஊர்வலம் மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். கிடங்கைக் காலி செய்தபோது அகப்பட்டதாம், பழைய வெண்கல நாற்காலி ஒன்று, மூத்த நடுவர் என்று அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அதைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார். அம்மாள் தட்டை எடுத்து வைத்தாள். கைபேசி அவள் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. 'முடிஞ்சுதா?' என்று மகள் மத்தியானமே கேட்டிருந்தாள். பதில் போடவில்லை.

"எப்படிங்க போச்சு?"

"எல்லாம் கழுவித் துடைச்ச மாதிரி வாசிக்கிறானுங்க. உயிரே இல்ல. நாலாவது தூங்க வச்சுது, பக்கத்துல இருந்த பியானோக்காரர் குறட்டை விட்டார், அதுலதான் கொஞ்சம் தாளம் இருந்துச்சு."

"ஆறாவது?"

ஏன் ஆறாவது என்று அவர் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெரிதாக்கப்போகிற ஒரு கதை அவருக்குக் கிடைத்திருந்தது.

"அடடா, அதை மறந்தேன் பாரு. வயோலா தனியா ஆரம்பிக்கிற உருப்படி. நல்ல ஆழமான உருப்படிதான். ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுத்தாங்க பாரு. மூச்சா அது? பத்து மாடி ஏறி வந்து கதவைத் திறக்கிற மாதிரி. திரைச்சீலையே உள்பக்கம் போச்சு. என் கை தானாத் தூக்கிக்கிச்சு. நான் தூக்கினதும் மத்த நாலும் மழைக்குக் குடை விரிஞ்ச மாதிரி படபடன்னு தூக்கிடுச்சு."

"வாசிக்கவே விடலியா?"

"மூச்சே அந்த லட்சணம்னா வாசிப்பு என்ன இருக்கப்போகுது? இரு, எப்படின்னு காட்டறேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தோளை உயர்த்தி, அந்த மூச்சை இழுத்துக் காட்டினார்.

அச்சு அசலாக இருந்தது. அம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு மகள் அந்த வீட்டுக்குள் வந்து, ஒரு நொடி இருந்து, போய்விட்ட மாதிரி இருந்தது. அவர் தன் சாமர்த்தியத்தைத் தானே ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் கைபேசியைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். 'கடைசி வரை கேட்டார்' என்று தட்டினாள். அந்த மூன்று சொற்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் வந்து இதே மேசையில் உட்காருவாள். இவர் இதே கதையை, இதே மூச்சோடு, அவளிடமே சொல்லிக் காட்டுவார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"ஒரு குழு எப்படி ஆரம்பிக்கணும்னு நாங்க வாசிச்சதக் கேட்டாத் தெரியும்" என்று அவர் எழுந்து போய், அவருடைய குழு விருது வாங்கிய பதிவை எடுத்தார். அதுவும் தனிச் செல்லோவில் ஆரம்பிக்கிற உருப்படி. இளமையில் வாசித்தது. அவர் அதை ஓடவிட்டு, ஒலியைக் கூட்டி, அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

முதலில் ஒலிபெருக்கியின் லேசான இரைச்சல். அடுத்து, செல்லோவுக்கு முன்னால், மூச்சு.

பத்து மாடி ஏறி வந்து கதவைத் திறக்கிற மூச்சு.

"அது முதல் வயலின்காரன்" என்றார் அவர் பழக்கதோஷத்தில். "அவனுக்கு மூக்குல சதை." இத்தனை வருடமாக அப்படித்தான் சொல்லிவந்தார். மூக்கில் சதை இருந்ததாகச் சொல்லப்பட்ட அந்த மனுஷர் செத்தும் போய்விட்டார்.

"முதல் வயலின் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குங்க" என்றாள் அம்மாள். "இது நீங்க மட்டும்தான்."

அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு இடத்தில் செல்லோ நின்று, மறுபடி மூச்சிழுத்து எழுந்தது. அவர் தோள் தானாக உயர்ந்து இறங்கியது. உயர்ந்த தோளை அவரே திரும்பிப் பார்த்தார், யாரோ கை வைத்த மாதிரி.

"ஆறாவது..." என்றார்.

அவள் அவருடைய தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்க. நம்ம பொண்ணாச்சேன்னு கேட்டிருப்பீங்க. அவளுக்கு அது வேண்டாமாம்."

அவர் மேசையைத் தடவினார். வெண்கல நாற்காலியின் கால் விரலில் பட்டது. "மறுபடி கேக்க முடியாதா? நாளைக்குப் போய்ச் சொல்றேன். எனக்குக் காது அடைச்சிருந்துச்சுன்னு சொல்றேன்."

"கடைய மூடியாச்சுங்க."

"நான் எவ்வளவு கேட்டேன்?" என்று அவர் கேட்டார், தெரியாதவர் மாதிரி.

"ஒரு மூச்சு."

அவருடைய பதிவில் இப்போதுதான் மற்ற மூன்று கருவிகளும் சேர்ந்துகொண்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் மடியில் கைபேசி அதிர்ந்தது. அவள் அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். திரையில் மகளின் முகம். அதிர்வில் கைபேசி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய், காலியாக நின்ற அந்தக் குட்டி நாற்காலியில் இடித்தது. நாற்காலி மேசைமேல் டக் டக் டக்கென்று ஆடியது.

அவருடைய வலது கை மேலே எழுந்தது. பதிவை நிறுத்தச் சொல்கிறாரா, அவளைப் பேசவேண்டாம் என்கிறாரா, என்னிடம் கொடு என்கிறாரா, அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. கை பாதியில் நின்றது. நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அந்த இளைஞன், யாரும் நிறுத்தாததால், அடுத்த மூச்சை இழுத்தான்.