அச்சுறுத்தல் இல்லை

அத்தான் சீருடை போடாமல், கையில் ஆப்பிள் பையோடு வாசலில் வந்து நின்றபோதே ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறார் என்று ஹலோக்காவுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் மச்சினி வீட்டுக்குப் பழம் வாங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை. வந்தால் சீருடையில்தான் வருவார். உட்காரும்போது மடிப்புக் கலையாமலிருக்கக் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே கிள்ளித் தூக்கிவிட்டுக்கொள்வார். ஜீப் நிற்பதை எதிர்வீட்டார் பார்த்தாயிற்றா என்று ஜன்னல் வழியாக ஒருமுறை உறுதி செய்துகொள்வார். அன்று நடந்தே வந்திருந்தார். பின்னாலேயே அவர் மனைவி, ஹலோக்காவுக்கு மூத்தவள். அவள் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய், யாரும் கேட்காமலே, தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

ஹலோக்கா ஆம்புலன்ஸ் நிலையத்தில் தொலைபேசி எடுப்பவள். ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும், யார் மாடியிலிருந்து உருண்டாலும், முதலில் கேட்கிற குரல் அவளுடையது. அந்தக் குரலுக்கு ஊர் வைத்த பெயர்தான் ஹலோக்கா. காய்கறிக் கடையில் நின்றால், இன்றைக்கு யார் கையை உடைத்துக்கொண்டார்கள் என்று விசாரிப்பார்கள். தங்கள் முறை வரும்போது கொஞ்சம் சீக்கிரம் எடுக்கும்படி சிபாரிசு கேட்பார்கள். தையல்காரர் செத்த பிறகு யாரும் கேட்பதில்லை. அவள் கடைக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் தக்காளியை உருட்டிப் பார்க்கும் வேலை வந்துவிடுகிறது.

தையல்காரர் ராணுவ முகாமுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பொழுது வெளுக்கும் முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகள் ஆம்புலன்ஸுக்கு அடித்திருக்கிறாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கடைசியில் துணிமூட்டை ஏற்றும் தள்ளுவண்டியில் அப்பாவைக் கிடத்தி, அவளே ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி வந்து சேர்ந்தது. தையல்காரர் வந்து சேரவில்லை. துக்கம் கேட்கப் போன ஹலோக்காவிடம் அந்தப் பெண் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "மணி போச்சுக்கா. நீங்க எடுக்கல" என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்ன பதில் சொல்வது? தொலைபேசி அடிக்கவே இல்லை என்று சொன்னால், அடித்துப் பார்த்தவள் நம்புவாளா? அவள் இடத்தில் ஹலோக்காவே இருந்தாலும் நம்பமாட்டாள்.

அன்று விடியற்காலை அவள் நாற்காலியில்தான் இருந்தாள். தொலைபேசி ஊமையாகக் கிடந்தது. பரவாயில்லை, ஒருநாளாவது ஊர் நிம்மதியாகத் தூங்குகிறதே என்று டிரைவரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். டிரைவர் தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினான். அது நிலையத்தை நடுக்கடலில் கொண்டுபோய் வைத்திருந்தது. இந்த ஊருக்கும் கடலுக்கும் எந்த ஜென்மத்திலும் சம்பந்தம் கிடையாது. ஆம்புலன்ஸுக்குத் துடுப்பு வாங்கணும்க்கா என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தள்ளுவண்டி கடைத்தெருவைக் கடந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் ஊரைச் சுற்றி மாபெரும் கூட்டுப் போர் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவருக்கு முகாமில் 'மூணு வானா' என்று பெயர். இனி போர் என்பது தரையில் முட்டி தேய ஊர்ந்து போகிற விவகாரம் இல்லை, வான், விண், வலை என்ற மூன்று வானாக்களின் கூட்டுக் குடித்தனம் என்பது அவர் சித்தாந்தம். விமானம் மேலிருந்து பார்க்கும், செயற்கைக்கோள் அதற்கும் மேலிருந்து வழிகாட்டும், வலைப்பிரிவு எதிரியின் கம்பிக்குள் புகுந்து கழுத்தைத் திருகும், தரைப்படை சாவகாசமாக நடந்துபோய்க் கொடி நடும். பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாலும் இதைத்தான் பேசுவார். கல்யாண வீட்டில் மைக் கிடைத்தால், புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு நடவடிக்கையாகக் குடும்பம் நடத்தவேண்டும் என்று ஆரம்பித்து வலைப்பிரிவில் கொண்டுபோய் முடிப்பார். மணமக்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். அவருடைய சாதனைகளில் தலையாயது பொதுச்சொல். மூன்று பிரிவும் மூன்று பாஷை பேசினால் கூட்டு எப்படி உருப்படும்? ஆகவே எல்லோருக்கும் ஒரே கட்டளைச் சொற்கள் என்று ஏற்பாடு செய்தார். அதற்காகக் குழு போட்டார்கள், விருந்து சாப்பிட்டார்கள், குழுவாகப் படம் பிடித்துக்கொண்டார்கள். சொல் ஒன்றானதே தவிர, அர்த்தத்தை ஒன்றாக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் அத்தான்தான் சொன்னார். அவர் வலைப்பிரிவு. ஆப்பிளைத் தானே எடுத்து, தானே நறுக்கி, தானே தின்றுகொண்டு சொன்னார். ஒத்திகையின் அந்தக் கட்டம் முடிந்ததும் பீரங்கிப் பிரிவு மேஜர் டீ குடிக்கப் போக ஆசைப்பட்டு, 'அமைதி' என்று பொதுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். பீரங்கிக்காரர்களுக்கு அதன் பொருள், சுடுவதை நிறுத்து. விமானப் பிரிவுக்கு அதன் பொருள், ரேடியோவை மூடு. அவர்கள் மூடிக்கொண்டார்கள். விண்பிரிவுக்கு அதன் பொருள், எதிரியின் வரைபடத்தில் இடங்களை மாற்றிப் போடு; ஆம்புலன்ஸ் நிலையம் கடலுக்குப் போனது. வலைப்பிரிவுக்கு அதன் பொருள், எதிரி ஊரின் அவசரத் தொலைபேசிகளை அமுக்கு. அவர்கள் அமுக்கினார்கள். அமுக்குவதிலும் ஒரு நயம் இருந்தது: கூப்பிடுகிறவனுக்கு மணி ஒலிக்கும், ஆனால் எங்கும் போய்ச் சேராது. தன் தொலைபேசி செத்துவிட்டது என்பது எதிரிக்கே தெரியக்கூடாதாம். அது அத்தானின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்கு ஏற்கெனவே ஒரு பதக்கம் வாங்கியிருந்தார். பதக்கம் வந்த அன்றைக்கு உறவுக்காரர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தபோது ஹலோக்காவும் ஒரு துண்டு தின்றிருக்கிறாள். சந்தேகம் வந்து யாரையாவது கேட்கலாமென்றால் ரேடியோ மூடிக்கிடந்தது. மேஜர் டீ குடித்து முடிக்கும் வரை எல்லோரும் கட்டுப்பாடாகக் காத்திருந்தார்கள்.

"எதிரி ஊருன்னா எது, அத்தான்?"

"ஒத்திகைக்கு ஏதாச்சும் ஒரு ஊர் வேணுமில்ல. நம்ம ஊரையே வெச்சுக்கிட்டோம். நெஜம் மாதிரி இருக்கணும்னு மேலிடம் விரும்பிச்சு."

"அப்ப நான் எதிரியா?"

"நீ ஏம்மா எல்லாத்தையும் உன் தலைல இழுத்துப் போட்டுக்கிற" என்று சொல்லிவிட்டு, அதை அவள் தலையில் போடும் வேலையை அத்தான் ஆரம்பித்தார். விசாரணை வரப்போகிறது. ராணுவத்துக்கும் வெளியாருக்கும் பொதுவான குழு. ஒத்திகையில் கோளாறு என்று ஒரு வார்த்தை வந்தால் மூணு வானாவின் அடுத்த பதவி போகும், அவருக்கு முன்னால் அத்தானின் வேலை போகும். ஹலோக்கா ஒன்றும் பெரிதாகச் சொல்லவேண்டாம். விடியற்காலை, மனுஷ உடம்பு, கொஞ்சம் கண்ணசந்துவிட்டது என்று சொன்னால் போதும். தூக்கிலா போடப்போகிறார்கள்? கொஞ்ச நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தால், முகாமுக்குள்ளேயே ஒரு நல்ல நாற்காலி, மின்விசிறிக்கு நேர் கீழே, பார்த்துத் தருவதாக மூணு வானாவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாராம்.

சமையலறையில் தண்ணீர் நின்றது. "அவரு பென்ஷன் போயிடும்டி. உனக்கு ஒரு தூக்கந்தானே" என்றாள் மூத்தவள், திரும்பாமல்.

"பாத்திரத்த வெச்சிட்டுப் போக்கா" என்றாள் ஹலோக்கா. அத்தான் மிச்சமிருந்த ஆப்பிள்களைப் பையோடு விட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகுதான் அந்தக் கேவலம் நடந்தது. தான் தூங்கியிருப்போமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. படித்தவர்கள், பதக்கம் வாங்கியவர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் சொல்லும்போது, தன் கண்கள் மட்டும் எதிர்க்கட்சியாக எத்தனை நேரம் நிற்கும்? நிலையத்து ஜன்னல் கம்பியில் ஏறிய பல்லியை நினைவுபடுத்திப் பார்த்தாள். அது அன்றைய பல்லியா, அதற்கு முந்தைய நாள் பல்லியா? துடுப்பு என்று டிரைவர் சொன்னதற்கும் அவன் கொட்டாவி விட்டதற்கும் நடுவில் என்ன இருந்தது? நடுவில் ஒன்றுமே இல்லையென்றால் அதுதான் தூக்கமா? ஒரு ஏழைத் தையல்காரரைக் கொன்றது போதாதென்று, அவளுடைய விழிப்பையும் அவளிடமிருந்தே களவாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வானும் வேண்டியிருக்கவில்லை, விண்ணும் வேண்டியிருக்கவில்லை. அத்தான் ஒருவர் போதுமாயிருந்தார்.

விசாரணை முகாமின் பெரிய அரங்கில் நடந்தது. நீண்ட மேசை, பச்சை விரிப்பு, குழுவினர் முன்னால் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பின்வரிசையில் ஹலோக்கா உட்கார்ந்தாள். பக்கத்தில் அத்தான், இப்போது முழுச் சீருடையில். குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவது என்று வைத்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறக்குமுன் மூணு வானா எழுந்தார். ஒரு தனி மனித அலட்சியத்தை விசாரிக்கும் முன்பு, அந்த நாளில் நாடு எட்டிய உயரத்தை மதிப்புக்குரிய குழு பார்க்கவேண்டும் என்றார். வான் என்றார், விண் என்றார். வலை என்று சொல்லும்போது ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார். விளக்குகள் அணைந்தன.

திரையில் ஊர் வந்தது, மேலிருந்து எடுத்த ஊர். எல்லாம் சாம்பல் நிறம். சூடானவை மட்டும் வெள்ளை. திரையில் சுட்டிக்காட்டக் கம்பு வைத்துக்கொண்டிருந்த இளம் அதிகாரி, ஆளில்லா விமானம் வட்டமிட்டுக்கொண்டே எடுத்த படம் இது என்றும், இருட்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்றும் சொன்னான். பேக்கரியின் அடுப்பு வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தது. ஒரு நாய் தெருவைக் கடந்தது. குழுவில் ஒருவர் நாயைப் பார்த்துச் சிரித்தார். பிறகு படத்தின் மூலையில் ஒரு நீள்சதுரம் நகர்ந்து வந்தது. அதன் மேல் படுத்தபடி ஒரு வெள்ளை. பின்னால் குனிந்து தள்ளியபடி இன்னொரு வெள்ளை. இயந்திரம் தானாகவே அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, கீழே எழுதியது: நபர்கள் இருவர். வண்டி ஒன்று. அச்சுறுத்தல் இல்லை.

ஹலோக்கா முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அத்தான் மூச்சுவிடும் சத்தம் மாறியதைக் கேட்டாள். அவருக்கும் தெரிந்துவிட்டது.

கட்டம் வண்டியை விடாமல் பின்தொடர்ந்தது. கடைத்தெரு முழுக்க, வளைவில், பாலத்தின் ஏற்றத்தில், தாயைப் போலக் கூடவே போனது. ஏற்றத்தில் வண்டி நின்றது. தள்ளியவள் படுத்திருந்தவர் மேல் குனிந்தாள், நிமிர்ந்தாள், அந்தப் பக்கம் ஓடினாள், இந்தப் பக்கம் ஓடினாள். ஆளில்லா விமானத்தின் இரைச்சல் அப்போது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். முகத்தைத் தூக்கினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, வானத்தைப் பார்த்து அசைத்தாள்.

"துல்லியத்தை கவனிக்கணும்" என்றார் மூணு வானா இருட்டிலிருந்து. "விரல்கூடத் தெரியுது. நம்மை அடையாளம் கண்டு பொதுமக்கள் கையசைச்சு வரவேற்கிறாங்க."

முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பரவியது. நீதிபதியும் தட்டினார்.

ஹலோக்கா எழுந்து நின்றாள். அத்தான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். எல்லோரும் திரும்பினார்கள். விளக்கைப் போடச் சொன்னார்கள். நீதிபதி பக்கத்திலிருந்தவரிடம் கேட்டு, இவள்தான் அந்தத் தொலைபேசிப் பெண் என்று தெரிந்துகொண்டு, முறைப்படி கேட்கவேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று தொண்டையைக் கனைத்தார். அந்த நேரத்தில் நீங்கள் உறங்கிவிட்டீர்களா அம்மா என்றார்.

"இல்லீங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடச் சன்னமாக வந்தது. தினமும் தொலைபேசியில் பேசுகிற அதே குரல்தான். "எனக்குக் கேக்கல. இவங்களும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ வரவேற்கல சார். கூப்பிடுறா."

நீதிபதிக்கு அது எட்டியதா என்று தெரியவில்லை. தலையாட்டவில்லை. மூணு வானா இளம் அதிகாரியிடம் ஏதோ சைகை காட்டினார். அவன் கம்பைக் கீழே வைத்துவிட்டுப் படம் ஓட்டும் பெட்டியின் பொத்தான்களைத் தடவினான். ஒன்றை அழுத்தினான். படம் நிற்கவில்லை, கொஞ்சம் பின்னால் போய் அங்கிருந்து மறுபடி ஓடியது. இன்னொன்றை அழுத்தினான். மறுபடியும் அதே இடம். விளக்கு வெளிச்சத்தில் திரை வெளிறிப் போயிருந்தாலும் உருவம் தெரிந்தது. அத்தான் தன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தின் ஏற்றத்தில் அந்தப் பெண் முகத்தைத் தூக்கி, பச்சை விரிப்பு மேசையில் இருந்தவர்களையும் நாற்காலிகளில் இருந்தவர்களையும் நோக்கி இரண்டு கைகளையும் உயர்த்தினாள். இறங்கின கைகள் மறுபடி உயர்ந்தன.