துரை குடித்த சிரட்டை

"நாளைக்கு நீ பெஞ்சுல உக்காரணும். உக்காரலைன்னு வையி, முதுகுத் தோலை உரிச்சுப்புடுவேன்."

ஊர்ப் பெரியவர் வீரபத்திரன் தம் வீட்டுக் கொல்லை வாசலில் நின்று இப்படி மிரட்டியபோது, சோணையம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போன பங்குனியில் அவள் தம்பி அசதியில் அதே டீக்கடை பெஞ்சில் சாய்ந்துவிட்டான் என்பதற்காக அவன் முதுகுத் தோலை உரித்ததும் இதே கைதான். உட்கார்ந்தாலும் அடி, உட்காராவிட்டாலும் அடி. நல்ல நியாயம்!

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் காலிக் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். காலையிலிருந்து மேலத்தெருக் கிணற்றடியில் நின்றும் அவள் குடத்தில் ஒரு வாளி ஊற்ற ஒருத்திக்கும் மனசு வரவில்லை. அவளாக இறைத்துக்கொள்ளவும் கூடாது, தொட்டால் கிணறு கெட்டுவிடுமாம். கீழத்தெருவிலோ தோண்டிய இடமெல்லாம் உப்பு. இப்போது மேலத்தெருக் கிணறும் அடிமண் தெரிய வற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் பெரியவருக்கு இத்தனை பதற்றம்.

கூத்தனேந்தலுக்கு பெல்டன் துரை வரப்போகிறார். சீமையில் பிஸ்கட் கம்பெனி வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்து, கிழவயதில் அதைத் தர்மம் செய்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர். வெள்ளைக்காரன் ஆட்சி போய்ப் பத்து வருஷமாகியும் அவன் பிஸ்கட் மட்டும் போகாத தேசமல்லவா இது? வறண்ட ஊர்களுக்கு அடிபம்பு போட்டுத் தருகிறார். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஊரில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் வந்த ஜீப்பிலேயே திரும்பிவிடுவார்.

மறுநாள் குருநாதனின் டீக்கடையில் கடலாடியிலிருந்து வந்த புதுக் கண்ணாடித் தம்ளர்கள் பளபளத்தன. மேலத்தெருப் பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார, பெஞ்சின் கோடியில் சோணையம்மாள் பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் ஒட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் துரை. பக்கத்தில், கொழும்பில் வியாபாரம் பார்த்து இங்கிலீஷ் படித்த கீழக்கரை சீனி முகம்மது மரைக்காயர்.

குருநாதன் எல்லாருக்கும் தம்ளரில் டீ கொடுத்தான். சோணையம்மாள் முறை வந்தது. பாவம், அவன் என்ன செய்வான்? இருபது வருஷப் பழக்கம். கை தானாகக் கூரை ஓலை இடுக்குக்குப் போயிற்று. அங்கே கீழத்தெருக்காரர்களுக்கென்று செருகி வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஒன்றை உருவி, அவள் கையில் போட்டு, தூக்கிப் பிடித்து டீயை ஊற்றிவிட்டான்.

துரை என்னவோ கேட்டார்.

"அது என்ன பாத்திரம், அந்தம்மாவுக்கு மட்டும் ஏன்னு கேக்குறாரு" என்றார் மரைக்காயர்.

வீரபத்திரன் மரைக்காயர் பக்கம் சாய்ந்தார். "மரியாதைப்பட்டவுகளுக்கு மட்டும் குடுக்குறதுன்னு சொல்லும்யா."

"ஆண்டவனுக்குப் பொதுவாச் சொல்லவா, உமக்குப் பொதுவாச் சொல்லவா?"

"பம்புக்குப் பொதுவாச் சொல்லும்!"

மரைக்காயர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். துரையின் கண் கலங்கிவிட்டது. அவர் பேசப் பேச, மரைக்காயர் தொண்டையைச் செருமிச் செருமித் தமிழாக்கினார்.

"எட்டு வயசுல ரொட்டிக் கடையில சாம்பல் அள்ளப் போனாராம். மொதலாளி இவருக்குன்னு ஒரு துருப்பிடிச்ச தகரக் குவளையைப் பின்வாசல்ல மாட்டி வச்சிருந்தானாம். அவன் அதைக் கையால தொட மாட்டானாம். அந்த அவமானத்துலதான் தன்னோட கம்பெனியில எல்லாருக்கும் ஒரே கோப்பை வச்சாராம், இவருக்கும் அதேதானாம். ஆனா ஒழைக்கிற பொம்பளைக்கு ஒசந்த பாத்திரம் குடுக்குற ஊரை இன்னைக்குத்தான் பாக்குறாராம்." மரைக்காயர் நிறுத்தி, மேலே பார்த்துக்கொண்டு முடித்தார். "அவருக்கும் அதுலயே வேணுமாம். உங்களுக்கும் அதுலயே குடுக்கச் சொல்றாரு."

சிரட்டைகள் இறங்கின. துரை ரசித்துக் குடித்தார். பெரிய மனிதர்கள் விளக்கெண்ணெய் குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். வீரபத்திரன் உதட்டில் வைத்த சிரட்டையைப் பார்த்ததும் சோணையம்மாளுக்குப் புரையேறியது. விளிம்பு உடைந்த அந்தச் சிரட்டை அவள் வழக்கமாகக் குடிப்பது.

ஒரு மாதத்தில் அடிபம்பு வந்தது, மேலத்தெரு முனையில். முதல் நாளே சோணையம்மாள் குடத்தோடு போனாள். பெண்கள் கூச்சல் போட, வீரபத்திரன் தடியோடு ஓடி வந்தார். அவர் மனைவி நாகலெட்சுமியும் பின்னால் வந்தாள்.

"கையை எடுடி! தண்ணி தீட்டாயிரும்!"

சோணையம்மாள் கைப்பிடியை விடவில்லை. "அய்யா, தொரை வந்தன்னைக்கு வெளிம்பு ஒடஞ்ச சிரட்டையில டீ குடிச்சீகளே, அது எஞ்சிரட்டைய்யா. வருசக்கணக்கா நான் வாய் வச்சது. எங்கிட்டத் தீட்டு இருந்தா அது உங்க வயித்துக்குள்ள போயி ஒரு மாசமாச்சு. உங்களை ஒண்ணும் பண்ணலைன்னா, இந்த இரும்பை மட்டும் என்னய்யா பண்ணிரும்?"

தடி ஓங்கியபடியே நின்றது. நாகலெட்சுமி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"ராமேசுவரம் போயி முங்கிட்டு வாங்க. அப்பறம் அடுப்படிப் பக்கம் வரலாம்."

ஒவ்வொரு வீட்டிலும் இதே தீர்ப்பு. சிரட்டையில் குடித்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் மறுநாள் விடியுமுன்னே பஸ் பிடித்து, ராமநாதபுரத்தில் ரயிலேறிப் பாம்பன் பாலத்தைக் கடந்தார்கள். தடி எடுக்க ஊரில் ஆளில்லை. கீழத்தெரு முழுக்க வந்து தண்ணீர் அடித்தது. மேலத்தெருப் பெண்கள் உச்சிவேளை வரை முறைத்துப் பார்த்தார்கள். கிணற்றில் சேறுதான் வந்தது. உலை வைக்க வேண்டாமா? அவர்களும் குடங்களை வரிசையில் வைத்தார்கள்.

அடுத்த நாள் பொழுது சாயும்போது வீரபத்திரன் திரும்பினார். கடலிலும் கோயில் தீர்த்தங்களிலும் முங்கி முங்கித் தீட்டைக் கழுவியாயிற்று. தலையெல்லாம் உப்பு, பஸ் புழுதியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. தெரு முனையில் பம்பு நின்றது. கைப்பிடி சோணையம்மாள் கையில் இருந்தது.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார்.

சோணையம்மாள் அடித்தாள்.

"நல்லாக் குடிங்கய்யா. நாளைக்கும் ராமேசுவரத்துக்கு ரயிலு இருக்கு."